கிளாக் 19 ஜென் 5 எம்ஓஎஸ்: ரெட் டாட் பொருத்துவது எப்படி? (பிளேட், ஸ்க்ரூ, டார்க், ஜீரோ)

#1 | ஒளிப்புள்ளி

வணக்கம். கிளாக் 19 ஜென் 5 எம்ஓஎஸ் (ரெட் டாட் பொருத்த ஸ்லைடின் மேல் பள்ளம் வெட்டி வரும் மாடல்) ஸ்லைடில் ஹோலோசன் 507சி என்ற ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் சைட்) பொருத்த வேண்டும். துப்பாக்கிப் பெட்டியில் அடாப்டர் பிளேட்டுகள் இருக்கின்றன. ரெட் டாட் பெட்டியிலும் தனியாக ஒரு ஸ்க்ரூ பாக்கெட் இருக்கிறது. எதை எதோடு சேர்ப்பது என்பதிலேயே குழப்பம். டார்க் (ஸ்க்ரூவை இறுக்கும் திருகுவிசை) வீடியோக்களில் ஒருவர் 12 இஞ்ச்-பவுண்டு என்கிறார், இன்னொருவர் 20 என்கிறார். லாக்டைட் (ஸ்க்ரூ தளராமலிருக்க மரையில் பூசும் பசை) கட்டாயம் என்பவரும் உண்டு, தொடவே கூடாது என்பவரும் உண்டு. ஜீரோ (புள்ளி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யும் தூரம்) 10 கெஜமா 25 கெஜமா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. காரணத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

#2 | மரைக்கட்டை

கேள்வியைப் பிரித்துக் கேட்டது நல்லது. ரெட் டாட் ஜீரோ ஓடிப்போகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை எலக்ட்ரானிக்ஸ் கோளாறு அல்ல, ஸ்க்ரூ சமாச்சாரம். நீளம், மரையின் அளவு, எண்ணெய்ப் பிசுக்கு, டார்க் ஆகிய நான்கில் ஒன்றில் பிழை இருக்கும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கி. மேகசினை எடுங்கள், ஸ்லைடை இழுத்துப் பூட்டி சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை அடுத்த அறையில் வையுங்கள். கிளாக்கில் ஸ்லைடைக் கழற்றுவதற்கு முன் ட்ரிகரை இழுத்தாக வேண்டும். அதனால் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்தாலும் தப்பில்லை.

பிளேட்: 507சி எடுத்துக்கொள்வது ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் என்ற ரெட் டாட்டின் ஃபுட்பிரிண்ட், அதாவது அடிப்பாகத்தின் ஸ்க்ரூத் துளை, குழி அமைப்பு. கிளாக்கின் 9 எம்எம் பிளேட்டுகளில் அதற்கானது 02 என்ற எண் போட்டது. எண் பிளேட்டின் மேலேயே இருக்கும். 04 லூபோல்ட் டெல்டாபாயிண்டுக்கு, 03 சி-மோருக்கு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், எண்ணைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

ஸ்க்ரூ: இங்கே இரண்டு ஜோடி இருக்கிறது. பிளேட்டை ஸ்லைடோடு பிடிக்கும் ஜோடி ஒன்று, ரெட் டாட்டை பிளேட்டோடு பிடிக்கும் ஜோடி இன்னொன்று. இரண்டாவது ஜோடிக்கான மரை பிளேட்டில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே மரையின் அளவைத் தீர்மானிப்பவர் பிளேட் செய்தவர், ரெட் டாட் செய்தவர் அல்ல. பிளேட்டோடு வந்த ஸ்க்ரூவை முதலில் எடுங்கள். வெளிச்சந்தை பிளேட் வாங்கினால் அந்த நிறுவனம் தந்த ஸ்க்ரூவை. 507சி பாக்கெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் வரும். அதில் ஒன்று விரலால் இரண்டு சுற்று போய்விட்டது என்பதற்காக அதுதான் சரியான ஸ்க்ரூ என்று ஆகிவிடாது.

ஏனென்றால் அமெரிக்க 6-32 ஸ்க்ரூவின் வெளி விட்டம் 0.138 அங்குலம், அதாவது 3.5 எம்எம். இரண்டு மரைக்கு நடுவே உள்ள இடைவெளி கிட்டத்தட்ட 0.79 எம்எம். மெட்ரிக் எம்4-இல் விட்டம் 4 எம்எம், இடைவெளி 0.7. அளவு மாறிய ஸ்க்ரூ ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று கடித்துக்கொண்டு நிற்கலாம். அதற்கு மேல் ரெஞ்ச் போட்டுத் திருகினால் பிளேட்டின் மரை போய்விடும். பிளேட் மெல்லிய தகடு, அதில் இருப்பதே மூன்று நான்கு சுற்று மரைதான். ஒரு சுற்று போனால் மூன்றில் ஒரு பங்கு பிடிப்பு போனது போல. சரியான ஸ்க்ரூ என்றால் வெறும் விரலால் கடைசி வரை தடையில்லாமல் இறங்க வேண்டும்.

நீளம்தான் முக்கியம். பிளேட்டை ஸ்லைடில் வைக்காமல், கையில் வைத்துக்கொண்டே ரெட் டாட்டை அதன் மேல் வைத்து இரண்டு ஸ்க்ரூவையும் விரலால் முழுக்க இறக்குங்கள். பிறகு பிளேட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். ஸ்க்ரூ முனை பிளேட் மட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்த ஸ்க்ரூ கூடாது. துருத்தும் முனை ஸ்லைடில் போய் முட்டும், ரெஞ்ச் "டக்" என்று விடும், நீங்கள் இறுகிவிட்டது என்று நம்புவீர்கள். உண்மையில் ஸ்க்ரூ ஸ்லைடின் மேல்தான் இறுகியிருக்கிறது. ரெட் டாட் இறுகவில்லை. இன்னும் மோசம் என்னவென்றால் அந்த முனை பிளேட்டையே மேலே தூக்கப் பார்க்கும்.

#3 | ஒளிப்புள்ளி

விரலால் சோதிப்பது புரிந்தது. பிளேட்டை ஸ்லைடோடு பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்கும் இதே நீளப் பிரச்சினை உண்டா?

#4 | அரம்

உண்டு, அங்கே விளைவு வேறு. கிளாக் ஸ்லைடின் வலப்பக்கம், எஜெக்‌ஷன் போர்ட்டுக்குப் பின்னால், எக்ஸ்ட்ராக்டரை (காலி கேஸை வெளியே இழுக்கும் கொக்கி) அழுத்திப் பிடிக்கும் பிளஞ்சர் என்ற சிறு தண்டும் அதன் ஸ்பிரிங்கும் ஓடும் குழாய்போன்ற துளை இருக்கிறது. வலப்பக்க ஸ்க்ரூத் துளை அதற்கு நேர் மேலே வருகிறது. ஸ்க்ரூ அரை எம்எம் கூடுதலாக இருந்தாலும் முனை அந்த பிளஞ்சரைத் தொடும். பிளஞ்சர் ஓடாது, எக்ஸ்ட்ராக்டர் கேஸைச் சரியாகப் பிடிக்காது, காலி கேஸ் சேம்பரிலேயே நிற்கும். ரெட் டாட் போட்ட அன்றே எக்ஸ்ட்ராக்‌ஷன் தகராறு தொடங்கினால் வெடிமருந்தையோ கைப்பிடியையோ குறை சொல்லாதீர்கள், முதலில் வலப்பக்க ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள்.

சோதிக்கும் வழி: ஸ்க்ரூக்கள் இறுகிய பிறகு எக்ஸ்ட்ராக்டரின் கொக்கியை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் வெளிப்பக்கமாகத் தள்ளி விடுங்கள். ஸ்பிரிங் வேகத்தோடு திரும்பி வர வேண்டும். மந்தமாக வந்தாலோ அசையவே மறுத்தாலோ ஸ்க்ரூ நீளம் அதிகம். சந்தேகம் தீராவிட்டால் ஸ்லைடின் பின்தகட்டைக் கழற்றி பிளஞ்சரை எடுத்து மறுபடி உள்ளே விட்டுப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஸ்க்ரூ முனையில் கருப்பு மார்க்கர் பூசி, இறுக்கி, கழற்றிப் பார்ப்பது இன்னொரு வழி. முனையில் மை உரசிப் போயிருந்தால் எங்கோ முட்டுகிறது என்று அர்த்தம்.

நீளமான ஸ்க்ரூவை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். மேலே ஒரு நட்டு போட்டுக்கொண்டு தேய்த்துவிட்டு நட்டைக் கழற்றினால் முனை மரை தானாகச் சீராகும். ஆனால் சரியான நீளம் ஒரு டாலருக்கும் இரண்டு டாலருக்கும் கிடைக்கும்போது வாங்குவதே மேல்.

#5 | மரைக்கட்டை

அரம் சொன்னதை முழுக்க வழிமொழிகிறேன். இப்போது பிசுக்கும் லாக்டைட்டும்.

புதுத் துப்பாக்கி என்றாலும் ஸ்லைடின் துளைகளில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துளைகளையும் பள்ளத்தையும் துடையுங்கள். குச்சி சுத்தமாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஸ்க்ரூக்களை ஒரு மூடியில் ஆல்கஹால் ஊற்றி ஊறப் போடுங்கள். ரெட் டாட்டின் கண்ணாடியில் அசிட்டோனோ பிரேக் கிளீனரோ பட வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த வேலை.

லாக்டைட் 242 அல்லது 243, நீலம். 243 கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருந்தாலும் பிடிக்கும். முனையிலிருந்து இரண்டு மூன்று மரையில் படும்படி ஒரு சிறு துளி போதும். குப்பியைக் கவிழ்க்காதீர்கள். அதிகமாக விட்டால் இரண்டு கேடு. ஒன்று, அடைபட்ட துளையின் அடியில் திரவம் தேங்கி ஸ்க்ரூவை முழுக்க இறங்கவிடாது. இன்னொன்று, வலப்பக்கம் அது வழிந்து அந்த பிளஞ்சர் துளையில் இறங்கிக் காய்ந்துவிடும். அதற்குப் பிறகு ஸ்க்ரூ நீளம் சரியாக இருந்தும் எக்ஸ்ட்ராக்டர் மக்கர் செய்யும், காரணம் கண்டுபிடிக்க நாள் ஆகும்.

சிவப்பு லாக்டைட் 271 வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவை. அந்தச் சூட்டில் ரெட் டாட்டின் உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

நீலம் பத்து இருபது நிமிடத்தில் பிடிக்க ஆரம்பிக்கும், முழு வலிமைக்கு 24 மணி நேரம். அது காற்றுப் படாத இடத்தில், உலோகத்தின் தொடர்பால் கெட்டியாகும் பொருள். துருப்பிடிக்காத ஸ்டீலிலும் மேற்பூச்சு போட்ட ஸ்க்ரூவிலும் மெதுவாகத்தான் கெட்டியாகும், குளிரான கராஜில் இன்னும் மெதுவாக. சனிக்கிழமை இரவு பொருத்தி ஞாயிறு காலை ரேஞ்சுக்கு ஓடுவது, பாதி காய்ந்த பசையை 9 எம்எம் ரிகாயிலால் உடைக்கிற வேலை.

#6 | பத்துகெஜம்

நீல லாக்டைட்டுக்குப் பதில் வைப்ரா-டைட் விசி-3 என்ற பூச்சு நல்லது என்பது என் கருத்து. ஸ்க்ரூவில் பூசி அரை மணி காயவிட்டுப் பிறகு திருகலாம். காத்திருக்க வேண்டியதில்லை, உடனே சுடலாம், அதே ஸ்க்ரூவைச் சில முறை கழற்றி மாட்டலாம். அடியில் பேட்டரி இருக்கும் ஆர்எம்ஆர் டைப் 2 மாதிரி ரெட் டாட்டுக்கு இது பெரிய வசதி. பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் கழற்றித்தானே ஆக வேண்டும்?

#7 | மரைக்கட்டை

ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. விசி-3 பூசிய ஸ்க்ரூவில் மேலே லாக்டைட் விட்டால் இரண்டுமே அதனதன் வேலையைச் செய்யாது. சில ஸ்க்ரூக்கள் தொழிற்சாலையிலேயே கலர்ப் பூச்சோடு வரும். அது காய்ந்த லாக்கர்தான், அதன் மேல் திரும்பவும் எதுவும் பூச வேண்டியதில்லை.

டார்க்: ட்ரிஜிகான் ஆர்எம்ஆருக்குச் சொல்லும் அளவு 12 இஞ்ச்-பவுண்டு, அதாவது 1.36 நியூட்டன் மீட்டர். ஆர்எம்ஆர் வகைப் பொருத்தங்களுக்கு 12 முதல் 15 வரை என்பதுதான் பொதுவாக எல்லாரும் வைத்திருக்கும் எல்லை. பிளேட் நிறுவனம் தன் தாளில் வேறு எண் போட்டிருந்தால் அதுதான் சட்டம். 20 என்பவர்கள் பெரும்பாலும் வேறு வகைப் பொருத்தத்தின் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மூன்று நான்கு சுற்று மரை உள்ள தகட்டில் 20 வைத்தால் ஸ்க்ரூ நீண்டு கழுத்தில் முறியும், அல்லது மரை உரிந்து வரும். அலுமினிய பிளேட் என்றால் இன்னும் சீக்கிரம்.

"கையால் நல்லா இறுக்கினேன்" என்பது அளவே அல்ல. சிறிய எல் கீயின் நீளப்பக்கத்தைப் பிடித்து இறுக்கும் கை 30-ஐத் தாண்டும், குட்டைப்பக்கத்தைப் பிடித்தால் 8-இல் நிற்கும். ஃபிக்ஸ் இட் ஸ்டிக்ஸ் 15 இஞ்ச்-பவுண்டு லிமிட்டர் இருக்கிறது. வீலர் ஃபேட் ரெஞ்ச் 10 முதல் 65 வரை. எந்தக் கருவியும் தன் எல்லையின் அடிமட்டத்தில் துல்லியம் குறைவு என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

முறை: பிளேட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் முதலில் விரலால் தொட்டு நிற்கும்வரை, பிறகு மாற்றி மாற்றிப் பாதி டார்க், பிறகு முழு டார்க். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிளேட் கோணலாக உட்காரும். பிட் ஸ்க்ரூத் தலையில் முழுக்க இறங்கி ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். டாக்ஸ் டி10-க்கும் டி15-க்கும் வித்தியாசம் கண்ணுக்கு லேசில் தெரியாது. சின்ன பிட் பெரிய தலையில் "கிட்டத்தட்ட" பொருந்தும், டார்க் ஏறும்போது தலையைக் கிழித்துவிடும். ஸ்லைடை மரக்கட்டையோ ரப்பரோ வைத்த வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துக்கொண்டு டார்க் வைத்தால் அளவு சரியாக வராது.

#8 | அரம்

டார்க்கைவிட நான் கவலைப்படுவது தள்ளுவிசை எங்கே போகிறது என்பதைப் பற்றி.

சுடும்போது ஸ்லைடு பின்னால் பாய்ந்து, முட்டி நின்று, மறுபடி முன்னால் வந்து மோதுகிறது. ரெட் டாட் 35, 40 கிராம்தான், ஆனாலும் ஒவ்வொரு மோதலிலும் அது தன் போக்கில் தொடர்ந்து ஓடப் பார்க்கும். அதைத் தடுப்பது எது? ஆர்எம்ஆர் ஃபுட்பிரிண்டில் ரெட் டாட்டின் அடியில் இரண்டு வட்டக் குழிகள் உண்டு. பிளேட்டில் அதற்கு நேராக இரண்டு குமிழ்கள் இருக்க வேண்டும். குழிக்குள் குமிழ் இறுக்கமாக உட்கார்ந்தால் தள்ளுவிசையைக் குமிழ் வாங்கிக்கொள்ளும், ஸ்க்ரூ மேலிருந்து அழுத்திப் பிடித்தால் மட்டும் போதும். குமிழே இல்லாவிட்டாலோ தொளதொளவென்று இருந்தாலோ மொத்த வெட்டுவிசையும் இரண்டு சின்ன ஸ்க்ரூவின் மேல் விழும். லாக்டைட் அதைத் தள்ளிப்போடும், தடுக்காது.

ஸ்க்ரூ போடாமல் ரெட் டாட்டை பிளேட்டில் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் அந்த பிளேட் எனக்கு வேண்டாம். சி&எச் பிரிசிஷன், ஃபார்வர்டு கண்ட்ரோல்ஸ் டிசைன் மாதிரி நிறுவனங்கள் குமிழை இறுக்கமாக வைத்து எம்ஓஎஸ் பள்ளத்துக்குத் தனி பிளேட் செய்கின்றன. ஸ்டீல் என்றால் மரை நிலைக்கும். பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து மூலைகளை அழுத்தியும் பாருங்கள். தாளம் போட்டால் அது சமதளம் இல்லை.

நேரடி மில்லிங், அதாவது ரெட் டாட்டுக்கான பள்ளத்தை ஸ்லைடிலேயே வெட்டுவது, இதற்கெல்லாம் மேல். பிளேட்டே இல்லை, ஸ்லைடின் ஸ்டீலிலேயே குமிழும் மரையும், மரைச் சுற்றும் அதிகம், ரெட் டாட் பிளேட் தடிமன் அளவுக்குக் கீழே உட்காரும். நான்கு ஸ்க்ரூ இருந்த இடத்தில் இரண்டுதான். தளர இருந்த இடங்களில் பாதி குறைந்தது.

#9 | பத்துகெஜம்

அரம் அண்ணே, எல்லாருக்கும் மில்லிங் சொல்லாதீர்கள். ஒரு ஃபுட்பிரிண்டுக்கு வெட்டிய ஸ்லைடு அந்த ஃபுட்பிரிண்டோடு முடிந்தது. நாளைக்கு ஏக்ரோ மாதிரி வேறு ஃபுட்பிரிண்ட் ரெட் டாட் போட ஆசைப்பட்டால் வேறு ஸ்லைடு வாங்க வேண்டும். 2015-இல் கிளாக் எம்ஓஎஸ் கொண்டுவந்ததே அந்த மாற்றும் வசதிக்காகத்தான். நல்ல பிளேட், சரியான ஸ்க்ரூ, சரியான டார்க் இருந்தால் போட்டிகளில் ஆயிரக்கணக்கில் சுடுபவர்களுக்கே எம்ஓஎஸ் தாங்குகிறது.

#10 | அரம்

மாற்றும் வசதிக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. முதல் ரெட் டாட் என்றால் பிளேட் போதும். எந்த ரெட் டாட் கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு மில்லிங் பற்றி யோசிக்கலாம். 2025 ஜனவரியில் ஏம்பாயிண்ட் சிஓஏ என்ற ரெட் டாட்டும் அதற்கான ஏ-கட் என்ற ஸ்லைடு வெட்டும் வந்ததன் நோக்கமே இந்த ஸ்க்ரூத் தொல்லையைக் குறைப்பதுதான். முன்பக்கம் ஸ்லைடின் வெட்டுக்குள் செருகிக்கொள்ளும், பின்பக்கத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு இறுக்கும். தள்ளுவிசையைத் தாங்குவது ஸ்லைடின் உலோகம். அந்த வெட்டோடு வரும் துப்பாக்கிக்கு மட்டும்தான் அது, எம்ஓஎஸ் பள்ளத்துக்குப் பொருந்தாது.

#11 | ஒளிப்புள்ளி

குமிழ்ச் சோதனை செய்து பார்க்கிறேன். இரண்டு சின்னக் கேள்விகள். பிளேட் போட்ட பிறகு பழைய இரும்பு சைட் கண்ணாடி வழியே தெரியுமா? கிளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ்-க்கு 507கே வாங்கலாமா என்று வீட்டில் இன்னொருவருக்காகவும் கேட்கிறேன்.

#12 | பத்துகெஜம்

தெரியாது. பிளேட்டும் ரெட் டாட்டின் அடிப்பாகமும் சேர்ந்து தொழிற்சாலை சைட்டை மறைத்துவிடும். உயரமான சைட் வேண்டும், சப்ரஸர் ஹைட் என்று விற்பது. கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் சைட் தெரிவது நல்லது. நடுவில் வந்து நின்றால் பார்வையை அடைக்கும். உயரத்தை பிளேட் தடிமனோடு சேர்த்துப் பார்த்து வாங்குங்கள், மில்லிங் ஸ்லைடுக்கான சைட் எம்ஓஎஸ்-இல் தாழ்ந்துபோகும். கிளாக் முன் சைட்டுக்கு 3/16 அங்குல மெல்லிய நட் டிரைவர் தேவை, சாதாரண சாக்கெட் உள்ளே நுழையாது.

43எக்ஸ் எம்ஓஎஸ் வேறு குடும்பம். பிளேட் கிடையாது, ஷீல்டு ஆர்எம்எஸ்சி ஃபுட்பிரிண்ட் நேரடியாக ஸ்லைடில். பின்பக்கக் குமிழ்கள் 507கே-யின் அடியில் முட்டும், அப்படியே உட்காராது. சிலர் ஸ்லைடின் குமிழை அரத்தால் ராவிவிடுகிறார்கள். மேலே அரம் எழுதியதைப் படித்தவர்களுக்கு அது ஏன் தப்பு என்று நான் விளக்க வேண்டியதில்லை. மெல்லிய அடாப்டர் வாங்குங்கள், அல்லது ஆர்எம்எஸ்சி-யிலேயே நேராக உட்காரும் ரெட் டாட் வாங்குங்கள்.

#13 | கிளிக்_கணக்கு

ஜீரோ பற்றி யாரும் தொடவில்லை, நான் எழுதுகிறேன்.

507சி-யிலும் ஆர்எம்ஆரிலும் சரிசெய்யும் திருகின் ஒரு கிளிக் 1 எம்ஓஏ (ஒரு கோண அளவு). 25 கெஜத்தில் அது 0.26 அங்குலம், ஏறத்தாழ 6.6 எம்எம். 10 கெஜத்தில் 0.1 அங்குலம். முதலில் 10 கெஜத்தில் ஐந்து தோட்டா, மணல்மூட்டையில் கை வைத்து. காகிதத்தில் விழுந்ததும் 25-க்குப் போங்கள். தனி ஓட்டையைப் பார்த்துத் திருப்பாதீர்கள், ஐந்தின் நடுப்புள்ளியைப் பாருங்கள். 25 கெஜத்தில் நடுப்புள்ளி 3 அங்குலம் கீழே, ஒன்றரை அங்குலம் இடது என்று வைத்துக்கொள்வோம். 3-ஐ 0.26-ஆல் வகுத்தால் 11.5. மேலே 11 அல்லது 12 கிளிக், வலது 6 கிளிக்.

ரெட் டாட்டில் உள்ள அம்புக்குறி குண்டு போகும் திசையைக் காட்டுகிறது. கண்ணாடியில் புள்ளி அதற்கு எதிர்த்திசையில் நகரும். புள்ளியைப் பார்த்துக்கொண்டே திருப்புபவர்கள் தலைகீழாகத் திருப்பிவிட்டுக் குழம்புவது இதனால்தான்.

10-ஆ 25-ஆ என்பதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 124 கிரெயின் 9 எம்எம், 4 அங்குல பேரல், நொடிக்கு 1130 அடி வேகம், பேரல் மையத்துக்கு மேல் புள்ளி 1 அங்குலம் என்று எடுத்துக்கொண்டேன்.

25-இல் ஜீரோ செய்தால்: 5 கெஜத்தில் 0.65 அங்குலம் கீழே, 10-இல் 0.4 கீழே, 50-இல் ஏறத்தாழ ஒரு அங்குலம் கீழே. அதாவது கைகூடும் தூரம் முழுக்க ஒன்றே கால் அங்குலத்துக்குள் அடங்குகிறது.

10-இல் ஜீரோ செய்தால்: 25-இல் ஏறத்தாழ ஒரு அங்குலம் மேலே. 50-இலும் ஏறத்தாழ அதே அளவு மேலேதான்.

கணக்கில் இரண்டுக்கும் இடையே பெரிய உயிர்போகும் வித்தியாசம் இல்லை. ஆனால் 10 கெஜத்தில் கால் அங்குலப் பிழையோடு நிறுத்திவிட்டால் 25-இல் அது 0.6 அங்குலத்தைத் தாண்டும். 25-இல் அதே கால் அங்குலப் பிழை 10-இல் ஒன்றுமே இல்லை. அதனால்தான் 25 என்கிறேன். 25-இல் ஐந்து தோட்டாவை ஒரு கையகலத்துக்குள் போட முடியாதவர் 15-இல் செய்யட்டும். சிதறிக் கிடக்கும் ஓட்டைகளின் நடுப்புள்ளியை வைத்துத் திருப்பினால் ஜீரோ செய்தது கையின் நடுக்கத்தைத்தான்.

#14 | பத்துகெஜம்

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், கணக்கு சார். புள்ளியின் வெளிச்சம். வெயிலில் வைத்த வெளிச்சத்திலேயே உள்ளரங்க ரேஞ்சில் ஜீரோ செய்தால் புள்ளி பூசணி மாதிரி விரிந்து நிற்கும். 3.25 எம்ஓஏ புள்ளியே 25 கெஜத்தில் 0.85 அங்குலத்தை மறைக்கும், அது மலர்ந்தால் எதன் மேல் வைக்கிறோம் என்றே தெரியாது. இலக்கின் மேல் புள்ளி தெரிகிற குறைந்தபட்ச வெளிச்சம் போதும்.

புள்ளி வால்நட்சத்திரம் போலவோ திராட்சைக் கொத்து போலவோ தெரிந்தால் ரெட் டாட்டைத் திருப்பி அனுப்பும் முன் செல்போன் கேமராவால் கண்ணாடி வழியே படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில், ஆஸ்டிக்மாட்டிசம். வெளிச்சத்தைக் குறைத்தால் பாதி சரியாகும். 507சி-யில் 32 எம்ஓஏ வட்டத்தையும் போட்டுப் பாருங்கள், பலருக்கு வட்டம் தெளிவாகத் தெரிகிறது.

#15 | ஒளிப்புள்ளி

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. பின்னால் ஜீரோ ஓடினால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

#16 | மரைக்கட்டை

தேட வேண்டிய அவசியமே வராதபடி பொருத்தும் அன்றே இரண்டு வேலை செய்துவையுங்கள். டார்க் வைத்து முடித்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூத் தலையிலிருந்து ரெட் டாட்டின் உடல் வரை வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு. ரெட் டாட்டிலிருந்து ஸ்லைடுக்கும் ஒரு கோடு. இரண்டாவதாக, ஜீரோ முடிந்ததும் இரும்பு சைட்டை நேராக வைத்து, புள்ளி முன் சைட்டின் எந்த இடத்தில் உட்காருகிறது என்று எழுதிவையுங்கள். உச்சியிலா, ஒரு நூல் மேலேயா, சற்று வலதா. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை, சைட்டின் ஜீரோ வேறாக இருக்கலாம். எங்கே இருந்தது என்பதுதான் தேவை.

குண்டுகள் விழும் இடம் விலகினால் முதலில் அந்தக் குறிப்பைப் பாருங்கள். புள்ளிக்கும் சைட்டுக்கும் உள்ள உறவு மாறவில்லை என்றால் ரெட் டாட் நகரவில்லை, ட்ரிகர் விரலையும் வெடிமருந்தையும் பாருங்கள். உறவு மாறி, கோடும் உடைந்திருந்தால் ஸ்க்ரூ தளர்ந்தது. அப்படியே மேலே இறுக்காதீர்கள். உடைந்த லாக்டைட் தூள் மரையில் இருக்கும், டார்க் பொய் சொல்லும். கழற்றி, பித்தளைப் பிரஷ்ஷால் மரையைத் துடைத்து, ஆல்கஹால் போட்டு, முதலிலிருந்து. முடிந்தால் புது ஸ்க்ரூ.

ரெட் டாட்டின் ஸ்க்ரூக் கோடு உடையாமல் உறவு மட்டும் மாறியிருந்தால் தளர்ந்தது அடியில் உள்ள பிளேட் ஸ்க்ரூ. இது கண்ணுக்குத் தெரியாத இடம். ரெட் டாட்டிலிருந்து ஸ்லைடுக்குப் போட்ட கோடுதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பிளேட்டை இறுக்கிய அன்றே ரெட் டாட்டை மேலே போடாமல், பிளேட்டின் லாக்டைட் காய ஒரு நாள் விடுவது நல்லது.

சரிசெய்யும் திருகு முடிவுக்கே வந்துவிட்டது, இன்னும் குண்டு இடதிலேயே விழுகிறது என்றால் கிளிக் பற்றாக்குறை அல்ல. ரெட் டாட்டோ பிளேட்டோ கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு துணுக்கு உலோகத்தூள் அடியில் மாட்டியிருந்தால்கூட இப்படி ஆகும்.

#17 | கிளிக்_கணக்கு

பேட்டரி: 507சி-க்கு சிஆர்1632, பக்கவாட்டுத் தட்டில், கழற்ற வேண்டாம். ஆர்எம்ஆருக்கும் ஏக்ரோ பி-2-க்கும் சிஆர்2032. நிறுவனம் 50,000 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை, மறக்காத ஒரு நாளில் மாற்றிவிடுங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் வருகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் தொடர்பைத் தடுக்கும். புது பேட்டரி போட்டும் புள்ளி மினுக்கினால் விளிம்பை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போட்டுப் பாருங்கள்.

#18 | அரம்

ஒளிப்புள்ளி, பிளேட்டில் குமிழ் ஆட்டம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். முன்பின் ஆட்டமா, பக்கவாட்டு ஆட்டமா என்பதையும் சேர்த்து. முன்பின் ஆட்டம் என்றால் பிளேட்டை மாற்றாமல் டார்க் பற்றிப் பேசுவதில் பயனில்லை.